கோதண்டம் முன்கூட்டிச் சொன்ன கடைசிப் பந்து

முகப்பேர் மேற்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியை ஆளும் கோவே! வில்லின் பெயரைச் சூடிக்கொண்டு வாயை மட்டும் நாணேற்றி வாழ்பவனே! அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து மெஷினில் இரும்பைக் கடைந்த காலம் போக, எஞ்சிய காலமெல்லாம் அண்டை அயலார் செவிகளைக் கடைந்துவரும் செம்மலே, கோதண்டமே, வாழி! நின் தொந்தி வாழி! அதன்மேல் நிலைகொள்ள மாட்டாது நாளெல்லாம் நழுவும் கைலி வாழி! ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கிரிக்கெட் இறுதிப்போட்டி நடந்த வேளையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் பொருட்டு நீ மூட்டிய பெரும்போரையும், அதில் நீ அடைந்த வெற்றியையும், அவ்வெற்றியை உன் வாயாலேயே நீ கெடுத்துக்கொண்ட விதத்தையும், குறைத்துச் சொல்ல மனமின்றிக் கூட்டியே பாடுகிறோம். செவி கொடுப்போர் செவிகளும் வாழி!

உருளை வடிவினளே, இரட்டைப் பிறவியே, ரேடியோவின் முதுகுக் கதவுக்குள் துயில்பவளே, தலைமாற்றிப் போட்டால் ஊடல் கொண்டு ஊமையாகிவிடுபவளே, பேட்டரித் தாயே! இக்கதை முடியும்வரை எம் நாவில் தீராதிருப்பாயாக.

காட்டுப்பாக்கத்தில் பிறந்து, காட்டுப்பாக்கத்தில் வளர்ந்து, நிலம் விற்ற பணத்தில் முகப்பேரில் வீடு வாங்கிக் குடியேறிய கோதண்டத்துக்கு உலகில் பெருமை என்று ஒன்றே ஒன்று இருந்தது. தான் சிறுவயதில் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டவன் என்பதே அது. யானை மேல் ஏறி நாட்டை வலம்வந்த மன்னர்கூட அந்தப் பவனியைப் பற்றி இத்தனை முறை பேசியிருக்க மாட்டார்கள். பால் வாங்க நிற்கும் இடத்தில் சொன்னான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனை நிறுத்தி வைத்துச் சொன்னான். எழவு வீட்டில் பாடை கட்டுகிறவர்களுக்கு நடுவே குந்தியும் சொன்னான்.

"பாக்கறதா கிரிக்கெட்டு? கேக்கறதுடா கிரிக்கெட்டு! எங்கூட்டு ரேடியோவுல பொங்கலுக்குப் பொங்கல் டெஸ்ட் மேட்சு தமிழ்ல வரும். வர்ணனைகூட வாணாம் எனக்கு. கூட்டம் கத்தற கத்த வெச்சே சொல்லிடுவேன், அது ஃபோரா, சிக்ஸா, அவுட்டான்னு. இப்ப இன்னாடான்னா உள்ளங்கைல படம் பாத்துகினு கீறீங்க. காது எதுக்குடா கீது உங்களுக்கு, கண்ணாடி மாட்டறதுக்கா?"

கேட்டவர்கள் கொட்டாவியை மென்று விழுங்கினர். இவன் தலை தெரிந்தால் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இறங்கினர்; இறங்கிக்கொண்டிருந்தவர்கள் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்தனர். அக்குடியிருப்பார் நல்லவர் அல்லர். சலிப்பை மறைக்கத் தெரிந்தவர், அவ்வளவே.

போர் வந்த வழி இது. கடல் கடந்த நாடொன்றில், அந்நாட்டு அணியோடு நம் அணி மோதும் இறுதிப்போட்டி. குடியிருப்பார் அனைவரும் கூடிப் பார்ப்பதெனத் தீர்மானித்தனர். தரைத்தளத்து ராயப்பனின் மகன் டேனி, வண்டி நிறுத்துமிடத்துத் தூண்களுக்கிடையே வெள்ளைப் போர்வை ஒன்றைக் கட்டி, தன் செல்போனில் வரும் ஆட்டத்தைப் புரொஜெக்டர் வழியே அதன்மேல் பாய்ச்சினான். ராயப்பனோ காட்டுப்பாக்கத்தில் கோதண்டத்தின் அடுத்த வீட்டுக்காரன். மண்ணில் புரண்ட நாள் முதல் நண்பன். முழங்கால் தேய்ந்தும் நட்புத் தேயாதவன். அவன்தான் நாற்காலிகளை வரிசையிட்டான். குழந்தைகள் முன்னே, மூத்தோர் நடுவே என்று போட்டு வந்தவனுக்குக் கோதண்டத்தின் முறை வந்தபோது மிஞ்சியது, தண்ணீர் மோட்டார் அறைக்கு ஒட்டினாற்போல், தூணுக்குப் பின்னே, கால் ஒன்று விரிசல் விட்ட நாற்காலி.

"வாடா கோதண்டம், உனக்கும் சேர் போட்டு வெச்சிகீறேன்," என்றான் ராயப்பன், கள்ளமின்றி.

கோதண்டம் நாற்காலியை நோக்கினான். தூணை நோக்கினான். தூணுக்கு அப்பால் தெரிந்த போர்வையின் ஓரத்தை நோக்கினான். கண்கள் சிவந்தன, மீசை இல்லாமையால் துடிப்பதற்கு மேலுதடு மட்டுமே கிடைத்தது, அது துடித்தது. நாற்காலியை ஒரு தள்ளுத் தள்ளினான். விரிசல் விட்ட கால் அக்கணமே உயிர்நீத்தது.

"படம் பாக்கறவன்லாம் பாருங்கடா! நான் மேல போயி கேக்கறேன்!"

என்று வஞ்சினம் கூறி, நழுவிய கைலியை ஒரு கையால் பற்றி, மாடியேறினான்.

பூந்தமல்லி கடைத்தெருவில் வாங்கிவந்து, வாங்கிய நாள்தொட்டு எல்லம்மாவால் மேசைத் துணி பறக்காதிருக்கப் பாரமாக வைக்கப்பட்டிருந்த டிரான்சிஸ்டரை எடுத்தான். எல்லம்மா என்பாள் அவன் மனைவி. மணநாள் முதல் மேற்படி வர்ணனைப் பெருமையைக் கேட்டுவருபவள். பொறுமை என்று பலர் கருதியதைப் பழிவாங்கும் வேளைக்காகச் சேமித்து வைத்திருந்தவள். கோதண்டம் பால்கனியில் நின்று குமிழைத் திருகினான். ஓர் ஊரில் பக்திப்பாட்டு, ஓர் ஊரில் உரம் பற்றிய உரை, நடுவே சமுத்திரம்போல் இரைச்சல். இறுதியில், இடக்கையால் கம்பிக் கிராதியைப் பற்றி, வலக்கையால் ரேடியோவைக் கொடியில் காயும் பாவாடைகளுக்கு மேலே உயர்த்தி, ஒரு காலைச் சற்றே தூக்கி நின்றால் மட்டும் ஆட்டம் கேட்டது. தவம் செய்வோரும் இப்படி நிற்பதுண்டு. அவர்களுக்குக் கைலி நழுவுவதில்லை. வர்ணனையோ சற்று நேரம் ஆங்கிலத்திலும் சற்று நேரம் இந்தியிலும் மாறிமாறி வந்தது. முன்னதில் பாதி அவனுக்குப் புரிந்தது. பின்னதில் ஆட்டக்காரர் பெயர்கள் மட்டும் புரிந்தன. வீரன் மனம் தளர்ந்தானில்லை.

நம் அணி ரன்களைத் துரத்தத் தொடங்கிய சிறுபொழுதில், மூன்றாம் மாடியிலிருந்து இடி இறங்கியது.

"போச்சி! ஓப்பனிங் போச்சி! போல்டுடா!"

கீழே அனைவரும் போர்வையைப் பார்த்தனர். அங்கே நம் தொடக்க ஆட்டக்காரர் கையுறையைச் சரிசெய்தபடி நலமாக நின்றிருந்தார். சிரிப்பு எழுந்தது. "பெருசுக்கு வெயில் ஏறிடுச்சி மாமே," என்றது ஒரு குரல். சிரித்த வாய்கள் மூடுவதற்குள் பந்துவீச்சாளர் ஓடிவந்தார், பந்து குத்தி உள்ளே திரும்பியது, நடு ஸ்டம்பு பிடுங்கிய முள்ளங்கிபோல் அந்தரத்தில் சுழன்றது. கூட்டம் முழுதும், சூரியகாந்தித் தோட்டம் ஒருங்கே திரும்பியதுபோல், மேலே நோக்கியது. மேலே, பாவாடைகளுக்கிடையே, ஒற்றைக் காலில் நின்றது தொந்தி.

"நெட்டுல வர்றது அர நிமிஷம் லேட்டுப்பா," என்று தலையில் கைவைத்தான் டேனி. "ரேடியோவுல உடனே வந்துடுது. நாம பாக்கறதெல்லாம் அவருக்குப் பழசு."

அச்சொல் காற்றேறிக் கோதண்டத்தின் செவியடைந்தது. அந்தோ, அற்பனுக்கு ஆற்றல் வாய்த்த வேளையே! தெருவிளக்கின் சுவிட்சு கைக்கு வந்த நாளில் ஊரையே இருளாக்கிப் பார்ப்பவன் உண்டு, கோதண்டம் அவ்வினத்தான். பிறகு நிகழ்ந்தவற்றை எவ்வாறு உரைப்போம்? பந்து பறக்கும் முன்னே "சிக்சு!" என்றான். கேட்ச் நழுவும் முன்னே "உட்டுட்டான், உட்டுட்டான், கவலப்படாத!" என்றான். அவன் சொன்னவாறே ஒவ்வொன்றும் நிகழ்ந்தது. கீழிருந்தோர்க்கு ஆட்டம், யாரோ மென்று துப்பிய கரும்புச் சக்கையாயிற்று. சிக்சருக்குக் கைதட்டக் கை எழவில்லை. விக்கெட் விழுந்தபோது பதைக்க நெஞ்சு இல்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. போர்வையைப் பார்ப்பதை விட்டுப் பால்கனியைப் பார்க்கும் துரோகிகளும் இரண்டொருவர் தோன்றினர்.

தூது புறப்பட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுசீலா, தண்ணீர் லாரி ஓட்டுநர்களையே பேச்சால் பணியவைத்த வல்லமையாளர், படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"சார், கொழந்தைங்க அழுதுங்க சார். கேளுங்க, வேணாம்னு சொல்லல. கத்தாம கேளுங்களேன்."

கோதண்டம் கிராதியை விடாமலே திரும்பினான். கோட்டை காப்போர் நொச்சிப்பூச் சூடுவது பண்டை மரபு. பால்கனியில் நொச்சி ஏது? தொட்டியிலிருந்த ஓமவல்லியின் இலையொன்றைக் குனிந்து வாயாலேயே கவ்வி மென்றான். மென்றபடி அறைகூவினான்.

"நிறுத்தறேம்மா. நிறுத்தறேன். ஆனா மொதல்ல எல்லாரும் எழுந்து நின்னு, என்னிய அண்ணாந்து பாத்து, 'ரேடியோதான் ஒசத்தி, கோதண்டம் சொன்னதுதான் நெசம்'னு ஒரு தபா சொல்லணும். சொல்லச் சொல்லு!"

சுசீலா இறங்கிச் சென்று இதைச் சொன்னார். கீழே எழுந்த கொதிப்பில், போர் மூண்டதுமுதல் வாய் திறவாதிருந்த ராயப்பன் எழுந்தான். உடைந்த நாற்காலியைப் பார்த்தான், மேலே பார்த்தான், கைகளை வாயருகே குவித்துக் கூவினான்.

"டேய் கோதண்டம்! இன்னாடா நெசம்? உங்கூட்ல ஏதுடா ரேடியோ? எங்கப்பா ரேடியோடா அது! ஜன்னலுக்கு வெளில நின்னுகினு கேட்டவன்தானடா நீ? எத்தினி வருசமா உடான்ஸ் உடற!"

ஊர் சிரித்தது. நாள்முழுதும் வாய்க்காத சிரிப்பாகையால் நீட்டி நீட்டிச் சிரித்தது. மேலே, பாவாடைகளுக்கு மேல் உயர்ந்திருந்த ரேடியோ தோளளவு தாழ்ந்தது.

தாழாமல் என்ன செய்யும்? ராயப்பன் சொன்னது மெய். ராயப்பனின் தந்தை ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தெருவிலேயே அவர் ஒருவரே ரேடியோ உடையவர். அது இயேசு படத்துக்குக் கீழே பலகையில் வீற்றிருந்தது. பொங்கல் டெஸ்டின்போது தெருப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்து அமர்வர். ஏரியலுக்காக ஜன்னல் வழியே இழுத்து முருங்கை மரத்தில் கட்டியிருந்த கம்பி, ஒருமுறை மரம் முறிந்தபோது கீழே விழுந்தது. இடமில்லாமல் வெளியே நின்றிருந்த சிறுவன் கோதண்டம் அதை எடுத்தான். எடுத்த கணமே, அதுவரை இரைந்துகொண்டிருந்த பெட்டி பளிச்சென்று பேசிற்று. கையை எடுத்தான்; இரைந்தது. பிடித்தான், பேசிற்று.

"கைய எடுக்காத கண்ணு," என்றார் ராயப்பனின் தந்தை உள்ளிருந்து. "நீ புட்ச்சாத்தான் பேசுது."

பிடித்துக்கொண்டு நின்றான். ஆட்டம் முடியும்வரை, நாள்தோறும், வெயிலில் நின்றான். உள்ளே முறுக்கு வந்தது. ஜன்னல் வழியே யாரோ ஒருவன் ஊட்டிவிட்டான். நம்மவர் சதமடித்தபோது உள்ளே எல்லாரும் குதித்தார்கள். இவன் குதிக்கவில்லை, குதித்தால் குரல் போய்விடும். சேப்பாக்கத்துக் கூட்டத்தின் ஆரவாரம் முழுவதும் தன் விரல் வழியே ஏறி உடம்புக்குள் ஓடி அந்த வீட்டுக்குள் போகிறதென்று அவன் நம்பினான். அப்படியிருக்க அது யார் வீட்டு ரேடியோ என்று பிற்காலத்தில் அவன் குழம்பியதில் வியப்பென்ன? ஏளனம் செய்வதையே தொழிலாகக் கொண்ட எமக்கும் இவ்விடத்தில் நா சற்றுத் தடுமாறுகிறது. அடுத்த வரியில் சரியாகிவிடும்.

சரியாகிவிட்டது. ஏனெனில் அவமானம் அற்பனைத் திருத்துவதில்லை, அகலப்படுத்துகிறது. கோதண்டம் தொண்டையைக் கனைத்தான்.

"இதுவரிக்கும் விக்கெட்டும் சிக்சும்தான் சொன்னேன்! இனிமே ஒவ்வொரு பாலும் சொல்லுவேன்டா! இன்னா பண்ணுவீங்களோ பண்ணுங்க!"

சொன்னான். ஒரு பந்தும் விடாது சொன்னான். வைடு சொன்னான், லெக் பை சொன்னான், தண்ணீர் இடைவேளையைக்கூட முன்கூட்டியே சொன்னான். கீழ்ப்படை முற்றுகையிட்டது. ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டிப் பார்த்தனர்; அடுத்த குடியிருப்பிலிருந்து சண்டைக்கு வந்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்கலாமென்றான் ஒரு மூடன். அணைத்தால் புரொஜெக்டரும் அணையுமென்று டேனி அவனை உட்காரவைத்தான். வீரத்தால் ஆகாததைச் சூழ்ச்சியால் முடிக்கும் பொறுப்பு மீண்டும் சுசீலாவுக்கே வந்தது. அவர் படியேறினார். இம்முறை பால்கனிக்குப் போகவில்லை; சமையலறைக்குப் போனார்.

"எல்லம்மாக்கா, மிக்ஸி போட்டா ரேடியோ இரையும், தெரியுமா?"

எல்லம்மா அவரை நிதானமாகப் பார்த்தாள். கல்யாணமான காலம் தொட்டுச் சேர்த்துவைத்தவை யாவும் அவள் முகத்தில் வரிசையாக வந்து நின்றன.

"எம்மா நேரம் ஓட்டணும்? தேங்கா கீது, மொளகா கீது. பத்தலன்னா அரிசி ஊறப் போட்டுகீறேன்."

முழங்கிற்று மிக்ஸி! போர்முரசும் அதன்முன் தாழுமாறு முழங்கிற்று! தேங்காய்ச் சில்லுகள் சிதைந்தன, மிளகாய்கள் மாண்டன. அதே கணத்தில் பால்கனியில் வர்ணனையாளர் குரலை 'கர்ர்ர்' என்னும் பெருங்காடு மூடிற்று. கோதண்டம் காலை மாற்றினான், கையை மாற்றினான், கிராதியைக் கட்டியணைத்தான்.

"ஏ எல்லம்மா! நிறுத்து! கடைசி ஓவருடீ!"

"சட்னி வோணுமா வாணாமா?"

"வாணாம்!"

"எனக்கு வோணும்."

மேலிருந்து குரல் நின்றது. கீழே ஆட்டம் மீண்டும் ஆட்டமாயிற்று. நெஞ்சுகள் அடித்தன, நகங்கள் குறைந்தன. கடைசி விக்கெட், கடைசிப் பந்து, வேண்டுவது நாலு. போர்வையில் பந்துவீச்சாளர் இன்னும் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். மூச்சுவிடவும் அஞ்சி அனைவரும் எழுந்து நின்ற அவ்வேளையில், மேலே, இரைச்சல் காட்டைப் பிளந்துகொண்டு ஒன்று வந்தது. சொல் அன்று. கூட்டத்தின் ஆரவாரம். பெரிய, நீண்ட, நிற்காத ஆரவாரம். கோதண்டத்தின் விரல்களில் ஏறி, தோளில் ஏறி, தொந்தி அதிர உள்ளே இறங்கியது. அவனுக்குத் தெரியாத கூச்சலா? அவன் பிடித்துநின்ற கூச்சல் அல்லவா அது!

"நாலு!" என்று அலறினான். "நாலுடா! ஜெயிச்சிட்டோம்டா! டேய் ராயப்பா, ஜெயிச்சிட்டோம்!"

இவ்விடத்தில் கீழிருந்தோரின் பெருந்தன்மையைப் பாடுவோம். நாளெல்லாம் எவனைப் பைத்தியமென்று ஏசினரோ, எவன் பொய்யன் என்று சற்றுமுன் சிரித்து மகிழ்ந்தனரோ, அவன் வாயிலிருந்து தமக்கு வேண்டியது வந்த மாத்திரத்தில் அதை வேதமெனக் கொண்டனர். ஒருவனும் போர்வையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரவெடி வெடித்தது. டேனி மேளக்காரனைப்போல் ஆடினான். சுசீலா கேசரிப் பாத்திரத்தைத் திறந்து கரண்டியால் வாரி வாரி வழங்கினார். முழங்கால் தேய்ந்த ராயப்பன், முன்பின் பேசியிராத இரண்டாம் மாடிக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். வெடிப்புகையில் திரை மறைந்தது. புகை விலகியபோது அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்றுதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவுட்டு," என்றது குழந்தை.

திரும்பினர். போர்வையில், எல்லைக் கோட்டருகே, எதிரணிக்காரர் ஒருவர் பந்தை மார்போடு அணைத்தபடி புல்லில் கிடந்தார். அவர்மேல் மற்றவர் விழுந்தனர். அவர்களுக்குப் பின்னே, அவர்கள் நாட்டு மைதானத்தில், அவர்கள் நாட்டுக் கூட்டம் வாய்கிழியக் கத்திக்கொண்டிருந்தது. காட்டுப்பாக்கத்து ஜன்னலில் கோதண்டம் கேட்ட கூச்சலெல்லாம் சேப்பாக்கத்துக் கூச்சல். நம்மவர் அடித்தால் எழுவது. வேற்றூரான் எதற்குக் கத்துவான் என்பதை அவன் ஒருபோதும் கேட்டுப் பழகியதில்லை.

மிக்ஸி நின்றது. காடு விலக, ரேடியோ தெளிந்த இந்தியில் துக்கம் விசாரித்தது. கீழிருந்து வந்த வசைகளை இங்கு வரைய மாட்டோம். சென்னைத் தமிழ் எத்துணை வளமானதென்று மட்டும் சொல்லி அமைவோம். "அத்தத் தூக்கிக் கடாசுய்யா!" என்பது அவற்றுள் மிகவும் நாகரிகமானது. பின் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கலைந்தனர். டேனி போர்வையை அவிழ்த்தான். கோதண்டம் பால்கனித் தரையில், ஓமவல்லித் தொட்டியருகே, ரேடியோவை மடியில் வைத்துக் குந்தியிருந்தான். கதவைத் தட்டினால் திறக்கக்கூடாதென்று எல்லம்மாவிடம் சொல்லியிருந்தான். அவள் திறந்தாள்.

படிக்கொரு முனகலாக ஏறிவந்த ராயப்பன், தட்டொன்றை ஏந்தி, எதிரே சுவரில் சாய்ந்து மெல்ல அமர்ந்தான். தட்டை இருவருக்கும் நடுவே வைத்தான்.

"எல்லார் முன்னாடியும் அத்தச் சொல்லிட்டியேடா," என்றான் கோதண்டம்.

"எல்லார் முன்னாடியும் சேர ஒடச்சிட்டுப் போனியேடா நீயி."

"அது ஏற்கெனவே ஒடஞ்சது."

"தெரியும்." ராயப்பன் முழங்காலை நீவிக்கொண்டான். "நீ நாலுன்னு சொன்னதும் நான் குதிச்சேன் பாரு, இந்தக் காலு காலியாயிடுச்சி."

"நம்பிட்டியா?"

"பின்ன? நீ கத்துனா நம்ப மாட்டனா? இந்தா, துன்னு."

தேர்கள் முறிந்து, கொடிகள் சாய்ந்து, தேங்காயும் மிளகாயும் பெருங்களத்தில் மாண்டொழிந்து, வெற்றியெனக் கொண்டது தோல்வியாய்த் திரிந்து, ஊர் நகைப்பும் ஊர் வசையும் ஒருநாளிலேயே கண்டு, பகையெனப் பிரிந்த இரு பெருவீரரும் ஒரே தட்டின் இருபுறத்தே முகம் பாராது அமர்ந்து, வாகைப்பூச் சூட வாய்ப்பின்றிப்போன வலக்கைகளை ஒருங்கே நீட்டி, ஆறிக் கட்டியாகிப் பொன்மலைபோல் எழுந்துநின்ற அவ்வமுதத்தை ஆளுக்கொரு பிடி எடுத்து வாயிலிட்டனர்.

கேசரியில் சர்க்கரை கம்மி.